இல்லாத மானுக்காக

ஆல்டர் கிரீக், மிச்சிகன்
செப்டம்பர் 3, 2017

வெய்க்கோவுக்கு,

நீ எனக்குச் செய்த அநியாயம் இதுதான். இல்லாத ஒரு மானை இருப்பதாகக் காட்டி, இரண்டு வேட்டைக்காலம் என்னை அதற்காகக் காத்துக் கிடக்க வைத்தாய். ரயில் மேட்டோரம் மண்ணைக் கீறியது குளம்பு இல்லை, உன் களைக்கொத்து. ஆல்டர் மரங்களின் பட்டையை உரித்தது தலையில் முளைத்த கொம்பு இல்லை, உன் கையில் பிடித்த ஏதோ ஒன்று. மறுக்காதே. தொலைபேசியில் உன் குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் பாதியில் வைத்தேன். இனி போன் அடிக்காதே, எடுக்க மாட்டேன். சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் சொல்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று யோசித்துக்கொண்டிருப்பாய். வியாழக்கிழமை காலையில் இடம் பார்க்கக் கிளம்பினேன். போகிற வழியில் எல்மரின் ஓட்ஸ் வயலில் மூன்று ஆண் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. மூன்றுக்கும் வளர்கிற கொம்பைப் போர்த்தியிருக்கும் பஞ்சுத்தோல் அப்படியே இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் அப்படித்தான் இருக்கும். அங்கிருந்து நடந்து ரயில் மேட்டுக்குப் போனால், என் பரணுக்குப் பக்கத்தில் ஆல்டர் மரத்தில் புதுசாக உரசிய தடம். மரச்சாறு இன்னும் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. அதன் கீழே கிளையை வளைத்து, மண்ணைக் கீறி, ஒரு மான் தன் பெயரை எழுதி வைத்ததுபோல எல்லாம் கச்சிதமாக இருந்தது.

பஞ்சுத்தோல் உரியாத கொம்பை எந்த மானும் மரத்தில் வைத்துத் தேய்க்காது. அதற்கு வலிக்கும். இணைதேடும் பருவம் வந்து மண்ணைக் கீறுவதற்கு இன்னும் ஒரு மாதமாவது இருக்கிறது. அந்த வாரம் நம் வேட்டைக் குடிலுக்கு, கேம்ப்புக்கு, கூரை ஒட்டுப்போட வந்தவன் நீ ஒருவன்தான். அவசரப்பட்டுவிட்டாய், வெய்க்கோ. அக்டோபரில் வந்து செய்திருந்தால் மூன்றாவது வருடமும் நான் ஏமாந்திருப்பேன்.

மானைப் பற்றி நான் புத்தகத்தில் படித்ததில்லை. எட்டாம் வகுப்போடு மரம் வெட்டப் போனவன். முழங்காலில் தவழ்ந்து, மண்ணை முகர்ந்து படித்தேன். உன் அப்பாவின் கேம்ப்பில் மருமகனாக நுழைந்தபோது எனக்கு அங்கே மரியாதை கிடைத்தது அந்தப் படிப்பால்தான். அந்த கேம்ப்பின் சட்டம் உனக்கும் தெரியும்: காலால் நடந்து இடம் பார்த்தவனுக்கே அந்த இடம், வேறு எவனும் அதில் கை வைக்கக் கூடாது. நீ அந்தச் சட்டத்தையே எனக்குத் தூண்டில் ஆக்கினாய்.

அதைவிடச் சாப்பாட்டு மேசையை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. நம் சர்ச் பாஸ்டர் மாதிரி, ஆள் தேடும்போது கண்ணில் படமாட்டான் என்று அந்த மானுக்குப் பாஸ்டர் என்று பெயர் வைத்தவன் நான். அவன் இடது பின்னங்காலை இழுத்து நடக்கிறான் என்றுகூடச் சொன்னேன். எல்மர் ரொட்டியை மென்றுகொண்டே, "மத்திலா, பாஸ்டர் இன்னைக்காவது பிரசங்கம் பண்ண வந்தாரா?" என்று கேட்பான். நான் மெனக்கெட்டு விளக்குவேன். உன் மகன் டேல் தலையைக் குனிந்துகொள்வான். ஜெபம் பண்ணுகிறான் என்று நினைத்தேன்.

கேம்ப்பின் சாவியை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். நவம்பர் 15 அன்று சீசன் திறக்கும்போது நான் சதுப்பைத் தாண்டி அக்கரை மேட்டில் இருப்பேன், தனியாக. நாற்பது வருடம் நான் உட்கார்ந்த இடம் அது. அங்கே எவனும் எனக்காக மண்ணைக் கீறி வைக்கவில்லை.

உர்ஹோ மத்திலா


சாகினா
செப்டம்பர் 11, 2017

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்கள் கோபத்தோடாவது சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் எழுதியது எல்லாம் சரி. களைக்கொத்தும் சரி. கையில் பிடித்தது, கேம்ப் சுவரில் தொங்குமே, வசந்தத்தில் டேல் கண்டெடுத்த உதிர்ந்த கொம்பு, அதுதான். எனக்கு நாளை மறுநாள் முட்டி அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகு நவம்பர்வரை நடக்க முடியாது என்றார்கள். அதனால்தான் ஆகஸ்டிலேயே வந்து செய்தேன். பஞ்சுத்தோலை மறந்துவிட்டேன். உங்களிடம் இத்தனை வருடம் கேட்டும் அந்த ஒன்றை மறந்திருக்கிறேன். என்னைத் திட்டுவதானால் முதலில் அதற்குத் திட்டுங்கள்.

ஏன் செய்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். மூன்று வருடம் முன்னால் உங்கள் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். குளிரில் பாரம் தூக்காதே, மேடு ஏறாதே என்று டாக்டர் சொன்னதும், வீட்டுக்கு வந்த அன்றைக்கே நீங்கள் விறகு பிளந்ததும் எல்லோருக்கும் தெரியும். அக்கரை மேட்டுக்குச் சதுப்பில் முழங்கால் ஆழத்தில் நடந்துதான் போக வேண்டும். அங்கே உங்களுக்கு ஏதாவது ஆனால், நாங்கள் வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். ரயில் மேட்டில் அப்படி இல்லை. தண்டவாளம் எடுத்துவிட்ட பாதை, கார் நேராக உங்கள் பரணடிக்கே வரும். உட்காரு என்று சொன்னால் நீங்கள் உட்காரப் போவதில்லை. மான் இருக்கிறது என்றால் உட்காருவீர்கள். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

மேசையில் எல்மர் விளையாட்டாகத்தான் கேட்டான். அவன் கேட்டதும் தப்பு, நான் தடுக்காததும் தப்பு. ஆனால் நீங்கள் இல்லாத நேரத்தில் நாங்கள் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை, அத்தான். நம்பினால் நம்புங்கள்.

சாவியை நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. டேல் கொண்டுவந்து உங்கள் கதவடியில் வைப்பான். அக்கரை மேட்டுக்கு மட்டும் தனியாகப் போகாதீர்கள். இந்த வருடம் உங்கள் பின்னால் நடந்து வர எனக்குக் கால் இல்லை.

உங்கள் மச்சினன்,
வெய்க்கோ


ஆல்டர் கிரீக்
செப்டம்பர் 26, 2017

வெய்க்கோவுக்கு,

முட்டி வேலை நல்லபடியாக முடிந்தது என்று எல்மரின் மனைவி சொன்னாள். நல்லது. டாக்டர் சொல்வதற்கு முன்னால் ஊன்றுகோலைப் போடாதே. உருளைக்கிழங்கு தோண்டிவிட்டேன், இந்த வருடம் மண் ஈரம் போதாமல் சின்னதாகத்தான் விழுந்திருக்கிறது. சாவி கொண்டுவந்த டேலிடம் ஒரு மூட்டை கொடுத்தனுப்பினேன். அதை வைத்து நான் இறங்கி வந்துவிட்டேன் என்று கணக்குப் போடாதே. கிழங்கு வேறு, இது வேறு. சாவியை ஆணியில் மாட்டியிருக்கிறேன், அதற்குப் பிறகு கையால் தொடவில்லை.

என் இதயத்தைக் கவனிக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அது என் நெஞ்சுக்குள் இருக்கிறது. அது நின்றால் அக்கரை மேட்டில் நிற்கட்டும். அதற்கு நான் தயார். நீ தயாரா என்பது என் பிரச்சினை இல்லை. எழுபத்தாறு வயதில் ஒரு மனிதன் எங்கே உட்கார்ந்து குளிரில் நடுங்குவது என்று அவனே முடிவுசெய்யக் கூடாதா? நீ என்னைத் தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டையில் தோற்றிருந்தாலும் தோற்றேன் என்று தெரிந்திருக்கும். நீயோ ஒரு மாட்டை உப்புக் காட்டி அழைத்துப்போவதுபோல அழைத்துப்போனாய். மாட்டுக்குக்கூடக் கடைசியில் உப்பு கிடைக்கும்.

ஒரு விஷயம் கணக்கு ஒத்து வரவில்லை. நீ இருப்பது பெரிய பாலத்துக்குத் தெற்கே, பல மணி நேரம் கார் ஓட்டும் தூரத்தில், சாகினாவில். இங்கே வந்தால் ஒரு நாள், இரண்டு நாள். ஆனால் போன இரண்டு அக்டோபரிலும் அந்தக் கீறல்கள் வாரா வாரம் புதுசாகக் கிளறப்பட்டிருந்தன. மழை பெய்து அமுங்கிய மறுநாளே மண் மறுபடி கறுப்பாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் நான் நம்பினேன். டேலும் அப்போது இரண்டு ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். எல்மருக்குக் குனிய வராது.

அதனால் நேராகக் கேட்கிறேன். சில்விக்குத் தெரியுமா? ஆம் அல்லது இல்லை. உன் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பதற்காக எதையும் மூடி மறைக்காதே. அவள் என்னோடு வாழ்ந்தவள், அவளைப் பற்றிய உண்மை எனக்குச் சேர வேண்டியது.

உர்ஹோ


சாகினா
அக்டோபர் 6, 2017

அன்புள்ள அத்தானுக்கு,

கிழங்கு வந்து சேர்ந்தது. சின்னதாக இருந்தாலும் மாவாக வெந்தது.

ஆம். அக்காவுக்குத் தெரியும். இந்த யோசனையே அக்காவுடையதுதான். அக்டோபர் மாதம் முழுக்க மேட்டுக்குப் போய்க் கீறலைக் கிளறிவிட்டதும் அவள்தான். காளான் பொறுக்கப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போவாளாம். முதல் கடிதத்தில் எல்லாவற்றையும் என் தலையில் போட்டுக்கொண்டேன். அவள் பெயர் இதில் வரக் கூடாது என்று நினைத்தேன். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், இனி ஒரு பொய்யை உங்களுக்கு நான் எழுத மாட்டேன்.

ஸ்டென்ட் வைத்த அடுத்த கோடையில், உங்கள் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். நீங்கள் வெளியே சவுனாக் குளியலறையின் அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தீர்கள். "அந்தச் சதுப்புல போய் விழுந்தாருன்னா யாருடா தூக்கிட்டு வர்றது? நீயா?" என்றாள். போகாதீங்கன்னு நீயே சொல்லிப் பாரேன் என்றேன். அதற்கு அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "நான் சொன்னா நாளைக்கே கிளம்புவாரு. டாக்டர் சொன்னா இன்னைக்கே. அவரு கேக்கறது ஒரே ஒரு ஆள் பேச்சை. மான் பேச்சை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு, எந்த மரம், எந்தக் கிளை என்று அப்போதே கேட்க ஆரம்பித்தாள். போன பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில், பேச்சு நிற்பதற்கு முன்னால், இந்த வருடமும் மறக்காமல் செய் என்று என்னிடம் வாக்கு வாங்கினாள். அதைத்தான் ஆகஸ்டில் காப்பாற்றினேன், தப்பான மாதத்தில்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். டேல் அந்தக் கீறலுக்கு எதிரே கேமரா ஒன்றைக் கட்டியிருந்தான், நீங்கள் வந்துபோகிறீர்களா என்று பார்க்க. அதில் விழுந்தது இது. அக்டோபர் 2, விடியற்காலை. பத்து முனைக் கொம்பு, பருவம் வந்து கழுத்து வீங்கிக்கிடக்கிறது. நான் செய்துவைத்த பொய்க் கீறலை நிஜ மான் ஒன்று தனதாக்கிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு நான் இங்கே கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தேன். இதில் என் கை இல்லை.

வாருங்கள், அத்தான். வந்து உங்கள் பரணில் உட்காருங்கள். இந்தத் தடவை மான் இருக்கிறது.

வெய்க்கோ


ஆல்டர் கிரீக்
அக்டோபர் 21, 2017

வெய்க்கோவுக்கு,

படம் கிடைத்தது. இந்தக் காலத்தில் எந்த மானை வேண்டுமானாலும் எந்த மரத்தடியிலும் நிற்க வைத்துப் படம் எடுக்கலாம் என்று டேலே ஒருமுறை சொல்லியிருக்கிறான். உன் பாஸ்டரை நீயே வைத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை அக்கரை மேட்டுக்கு இடம் பார்க்கப் போனேன். சதுப்பில் பாதிவரை போனேன். காற்று திரும்பிவிட்டது, என் வாசனை எனக்கு முன்னால் போய் மேடு முழுவதையும் கெடுத்துவிடும் என்று திரும்பி வந்துவிட்டேன். மறுபடி போவேன்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் இருந்தேன். ஆனால் முதல் கடிதத்தில் நான் எழுதிய அநியாயம் உண்மையான அநியாயம் இல்லை. அப்போது எனக்கே தெரியாது. இப்போது தெரிந்ததை எழுதுகிறேன், நீ வைத்துக்கொள்.

அந்த இரண்டு சீசனிலும் சில்வி மதியத்தில் எனக்குக் காபியும் ரை மாவு ரொட்டியும் கொண்டு வருவாள். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவள் வேட்டைக்கு வந்ததில்லை. அக்கரை மேட்டுக்கு அவளால் வர முடியாது. ரயில் மேடு என்பதால் வந்தாள். வளைவில் காரை நிறுத்திவிட்டு நடந்து வருவாள். முதல் நாள் பரணடியில் கிடந்த மரத்தில் உட்கார்ந்துகொண்டு, இங்கே நல்லாத்தான் இருக்கு என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உன் சோப்பு வாசனை அரை மைலுக்கு அடிக்குது. பாஸ்டர் இந்தப் பக்கமே தலை வைக்க மாட்டான். கிளம்பு."

அவள் கோபப்படவில்லை. ரொட்டியைச் சுற்றிவந்த துணியை மடித்துக்கொண்டு எழுந்தாள். "சரி. உங்க பாஸ்டரை நான் விசாரிச்சதாச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாளும் வந்தாள். மறுபடி விரட்டினேன். போன வருடம் அதையும் நிறுத்தினேன். பக்கத்திலேயே வராதே, தெர்மாஸை வளைவில் இருக்கும் கல் மேல் வைத்துவிட்டுப் போ, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் அப்படியே செய்தாள். அவள் உடம்புக்குள் அப்போதே நோய் இருந்தது. எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்திருக்கலாம். போன நவம்பர் முழுக்க நான் பார்த்தது, மரங்களுக்கு நடுவே அவளுடைய ஆரஞ்சுச் சட்டை குனிந்து நிமிர்ந்து திரும்பிப் போவதை மட்டும்தான். ஒரு தடவை அவள் கையை உயர்த்தினாள். அசைந்தால் மான் கலைந்துவிடும் என்று நான் பதிலுக்குக் கை உயர்த்தவில்லை.

மான் இல்லை, வெய்க்கோ. அங்கே மானே இல்லை. அவளுக்கு அது தெரியும். தானே கையால் கிளறிவிட்ட மண்ணுக்கு முன்னால் நான் அவளைத் துரத்துகிறேன், அவள் எழுந்து போகிறாள். நீங்கள் இரண்டு பேரில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால் அவள் அங்கே உட்கார்ந்திருப்பாள். அந்த நவம்பர் எனக்கு இருந்திருக்கும். அதை நீ எடுத்துக்கொண்டாய். அவளும்தான் எடுத்துக்கொண்டாள், என்னைக் கேட்காமல். கல்லறைக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்க்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்ததிலிருந்து போகவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பதில் எழுத வேண்டாம்.

உர்ஹோ


சாகினா
அக்டோபர் 28, 2017

அன்புள்ள அத்தானுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். இதற்குப் பிறகு உங்கள் இஷ்டம்.

நீங்கள் விரட்டிய நாள்களில் அக்கா எனக்குத் தொலைபேசியில் பேசுவாள். கேம்ப் முடிந்து நான் இங்கே திரும்பிய பிறகும் சீசன் முடிகிறவரை தினமும் பேசுவாள். "இன்னைக்கும் விரட்டிட்டாரு" என்றுதான் ஆரம்பிப்பாள். நான் பதறிப்போய், அக்கா, போதும், அவரிடம் சொல்லிவிடலாம் என்றேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. அவள் விடவில்லை. "நல்லா பலமா விரட்டினாருடா. சத்தம் வளைவு வரைக்கும் கேட்டுது. நெஞ்சு நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

போன வருடம் நீங்கள் வளைவோடு நிறுத்தினீர்கள். திரும்பிப் போவதைப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் போகவில்லை, அத்தான். வளைவுக்கு அந்தப் பக்கம் காருக்குள் உட்கார்ந்திருப்பாள். நீங்கள் பரணிலிருந்து இறங்கி, நடந்து வந்து, தெர்மாஸை எடுத்துக்கொண்டு, திரும்பி ஏறுகிறவரை கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வண்டியை எடுப்பாள். உங்களுக்கு மூச்சு வாங்குகிறதா, எங்கேயாவது நிற்கிறீர்களா என்று எனக்குச் சொல்வாள். தனக்கு மூச்சு வாங்கியதை அவள் சொல்லவில்லை.

உங்களை ஆறுதல்படுத்த இதை எழுதவில்லை. ஆறுதல் தருகிற மாதிரி இது இல்லை என்று எனக்கும் தெரியும். நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் வேண்டாம் என்றாலும் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மனுஷனின் உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து அவனுடைய நாள்களை எடுத்துக்கொண்டோம். அதற்கு மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

ஒன்றே ஒன்று. நீங்கள் சதுப்புக்குப் போன செவ்வாய்க்கிழமை அங்கே நாள் முழுக்க வடமேற்குக் காற்று என்று டேல் சொன்னான். அக்கரை மேட்டுக்கு அதைவிட நல்ல காற்று இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். 15ஆம் தேதி அங்கே போகாதீர்கள், அத்தான். என்மேல் உள்ள கோபத்துக்காகவும் போகாதீர்கள்.

வெய்க்கோ


ஆல்டர் கிரீக்
நவம்பர் 7, 2017

மச்சினன் வெய்க்கோவுக்கு,

பாஸ்டர் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை ரயில் மேட்டுக்குப் போனேன். உன் படத்தை நம்பிப் போகவில்லை, பொய் என்று நிரூபிக்கப் போனேன். வளைத்த கிளையின் நுனியை அது மென்று நாராக்கியிருக்கிறது, அதில் முடி ஒட்டியிருக்கிறது. குளம்புத் தடத்தில் பின்விரல்கள் அகன்று பதிந்திருக்கின்றன, நல்ல பாரம். குனிந்து முகர்ந்தேன். கடையில் பாட்டிலில் விற்கும் மான் மூத்திரம் எதிலும் அந்த வாசனை வராது. நீ கீறியதைவிட இரண்டு மடங்கு பெரிதாக்கி வைத்திருக்கிறது. இடது பின்னங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

அன்றைக்குச் சதுப்பில் காற்று திரும்பவில்லை. நான்தான் திரும்பினேன். பாதியில் நெஞ்சை அழுத்தியது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். நான் கத்தியிருந்தாலும் ஒருவருக்கும் கேட்டிருக்காது. நீயும் சில்வியும் சொன்னது சரி என்று இதற்கு அர்த்தம் இல்லை. சரியான காரணத்துக்காகச் செய்த தப்பும் தப்புதான்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. வராததை எழுதினால் அதுவும் ஒரு பொய்க் கீறல். அதனால் எழுதவில்லை. ஆனால் சீசன் திறக்கப் போகிறது. அந்த கேம்ப்பை ஒழுங்கில்லாமல் நடத்த நான் விடமாட்டேன். ஆகவே இப்படி நடக்க வேண்டும்:

நீ: 14ஆம் தேதி மாலைக்குள் வந்துவிட வேண்டும். ஊன்றுகோலோடு பனியில் வெளியே போகக் கூடாது. அடுப்பும் சவுனாவும் உன் பொறுப்பு. அந்த உதிர்ந்த கொம்பைச் சுவரில் பழைய இடத்தில் மாட்டிவிட வேண்டும்.

நீ, எல்மர், டேல், மூன்று பேரும்: அன்றைய சாப்பாட்டில் என் முகத்தைப் பார்த்து, இரண்டு வருடமாக அடக்கி வைத்ததை ஒரு தடவை சிரித்து முடித்துவிட வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு அந்த மேசையில் வரக் கூடாது.

எல்மர்: அக்கரை மேட்டில் இருக்கும் என் ஏணிப் பரணை இறக்கிவிட வேண்டும். வார்கள் மக்கிப்போயிருக்கும், தெரியாமல் எவனாவது ஏறினால் விழுவான். குனிய வராவிட்டாலும் அவனுக்கு ஏற வரும். டேலைக் கூட அழைத்துக்கொள்ளலாம்.

டேல்: விடிவதற்கு முன்னால் மேட்டுக்குக் கிழக்கே, தேவதாரு மரங்கள் சதுப்பைத் தொடும் ஓரத்தில் உட்கார வேண்டும். காற்று முகத்தில் அடிக்கிற மாதிரி உட்கார வேண்டும், முதுகில் அடித்தால் இடம் மாற்ற வேண்டும். பாஸ்டர் என் வாசனை பட்டதும் மேட்டை விட்டு விலகி அந்த வழியாகத்தான் சுற்றுவான். அவசரப்பட்டுச் சுடக் கூடாது. விழுந்தால் அவனே குடலெடுத்து, அவனே இழுத்து வர வேண்டும். மான் அவனுடையது. இடம் பார்த்தவன் நான், நான் கொடுக்கிறேன்.

நான்: 14ஆம் தேதி காலையில் கல்லறைக்குப் போவேன். அங்கே சொல்ல வேண்டியதை யோசித்து வைத்திருக்கிறேன், அது உனக்கு இல்லை. மறுநாள் ரயில் மேட்டில் இருப்பேன். துப்பாக்கி கொண்டு போகவில்லை. பரணில் ஏறப் போவதும் இல்லை, கீழே கிடக்கும் மரத்தில் உட்காருவேன். ஆரஞ்சுச் சட்டை போட்டிருப்பேன், டேல் கண்ணில் படும்.

டேலுக்கு இன்னொன்று: இருட்டுவதற்கு முன்னால் காரை எடுத்துக்கொண்டு வந்து என்னை அழைத்துப்போக வேண்டும். மான் கலையும், வாசனை பரவும் என்று நான் என்ன கத்தினாலும் வளைவில் நிறுத்தக் கூடாது. நேராக நான் இருக்கிற இடத்துக்கே வர வேண்டும்.

உர்ஹோ